பால் என்ன விலை?

நேயர்களே, உங்கள் தெருவில் பால் என்ன விலை? 2007-இல் நியூயார்க் வானொலி ஒன்று இதைத்தான் கேட்டது. கேட்டது டபிள்யூ.என்.ஒய்.சி. நிலையத்தின் 'பிரையன் லேரர் ஷோ'. வார நாட்களில் காலை பத்து மணி முதல் நண்பகல் வரை, ஊர் நியாயம் அத்தனையும் அலசும் நிகழ்ச்சி.

பக்கத்துக் கடைக்குப் போங்கள். பால், ஒரு லெட்டூஸ், ஆறு பீர் அடங்கிய கட்டு, மூன்றுக்கும் விலை பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். பீர் எதற்கு என்று கேட்காதீர்கள், அது அவர்கள் ஊர்! வந்த விலைகளை நகர வரைபடத்தில் குறித்தார்கள். ஒரே சாமானுக்குப் பேட்டைக்குப் பேட்டை வேறு விலை. நிபுணர் யாரும் வேண்டியிருக்கவில்லை. பையோடு கடைக்குப் போனவர்களே நிருபர்கள். அமெரிக்க ஒலிபரப்புத் துறையில் வழங்கப்படும் பீபாடி விருதும் அதே ஆண்டுக்கு இந்த நிகழ்ச்சிக்குக் கிடைத்தது.

1924-இல் தொடங்கிய இந்த நிலையம் வெகுகாலம் மாநகர நிர்வாகத்தின் சொத்து. 1945 ஜூலையில் பத்திரிகை விநியோக ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஞாயிற்றுக்கிழமைச் சித்திரக்கதை இல்லாமல் பிள்ளைகள் தவித்தார்கள். மேயர் லாகார்டியா நேரே மைக் முன்னால் உட்கார்ந்து, துப்பறியும் டிக் டிரேசியின் கதையை ஏற்ற இறக்கத்தோடு நடித்தே படித்துக் காட்டினார்.

1990-களில் தனி அறக்கட்டளை ஒன்று நிலையத்தை நகரத்திடமிருந்து இரண்டு கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. ஆனாலும் மேயர்கள் வருவது நிற்கவில்லை. பில் டி பிளாசியோ மேயராக இருந்தபோது, வெள்ளிக்கிழமைகளில் லேரர் நிகழ்ச்சிக்கு வந்து, தொலைபேசியில் அழைத்த நேயர்களுக்கு நேரலையிலேயே பதில் சொன்னார்.