நின்ற காரில் ஓடும் கரன்ட்

டேஷ் கேமரா வாங்கி வந்ததும் அதை சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகிப் பார்ப்பதுதான் வழக்கம். ஒயர் கியர் பக்கம் தொங்கும், போனுக்கு சார்ஜ் போட இடம் இருக்காது. அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய குறை வேறு: பெரும்பாலான கார்களில் சாவியை அணைத்ததும் அந்த சாக்கெட்டும் அணைந்துவிடும். தெருவோரம் நிறுத்திய காரை யாராவது உரசிவிட்டுப் போனால், சாட்சி சொல்ல வேண்டிய கேமரா அந்த நேரம் பார்த்து உறங்கிக்கொண்டிருக்கும். கேமராவை நேராக ஃபியூஸ் பாக்ஸில் இணைக்கப் பலரும் விரும்புவது இதனால்தான். இதற்கான ‘ஹார்டுவயர் கிட்’ ஆக்சஸரீஸ் கடைகளிலேயே கிடைக்கிறது.

கையில் ஒரு டெஸ்ட் லேம்ப் இருந்தால், காரிலிருந்து கரன்ட் எடுப்பது பெரிய வித்தையில்லை. அந்தக் கரன்ட் எப்போது நிற்க வேண்டும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஃபியூஸ் காப்பது ஒயரை

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் மூடியைக் கழற்றினால் வண்ண வண்ண பிளாஸ்டிக் தலைகள் வரிசையாகத் தெரியும். சிவப்பு என்றால் 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. ஒன்றைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தால், இரண்டு கால்களுக்கு நடுவே மெல்லிய உலோகப் பட்டை ஒன்று வளைந்து ஓடுவது தெரியும். கரன்ட் இரு மடங்கானால் அந்தப் பட்டையில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். ஜூல் 1840களில் கண்டறிந்த விதி இது. அளவுக்கு மீறிய கரன்ட் பாய்ந்தால் பட்டை உருகி, சுற்று அறுந்துவிடும்.

இந்த ஏற்பாடு கருவியைக் காப்பதற்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒயருக்கான காவல். செல்ஃப் அடிக்கும் சில நொடிகளில் 100 ஆம்பியருக்கு மேல் கொட்டக்கூடியது கார் பேட்டரி. கேமராவுக்குப் போகும் மெல்லிய ஒயர் எங்காவது தோல் உரிந்து பாடியில் பட்டுவிட்டால், அந்த வலிமை முழுவதும் அதன் வழியே பாயப் பார்க்கும். கேமராவுக்குத் தேவை சுமார் 5 வாட், அதாவது 12 வோல்ட்டில் அரை ஆம்பியருக்கும் குறைவு. அதற்கு 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸே போதும். ‘அடிக்கடி போகாமல் இருக்கட்டும்’ என்று 15 ஆம்பியரைச் செருகினால், ஃபியூஸ் உருகுவதற்கு முன்பே ஒயர் பற்றிக்கொள்ளக்கூடும்.

மூன்று ஒயர், இரண்டு கால்

கிட்டிலிருந்து மூன்று ஒயர்கள் வருகின்றன. பெரும்பாலும் கறுப்பு எர்த்துக்கானது. பெயின்ட் இல்லாத உலோகம் தெரியும் போல்ட்டில் அதை இறுக்க வேண்டும். மஞ்சள், சாவி அணைந்தாலும் உயிரோடு இருக்கும் ஃபியூஸுக்குப் போகும். சிவப்பு, சாவி திருப்பினால் மட்டும் உயிர் பெறும் ஃபியூஸுக்கு. சிவப்பில் கரன்ட் நின்றதும், வண்டி நின்றுவிட்டது என்று புரிந்துகொண்டு கேமரா ‘பார்க்கிங் மோடு’க்கு மாறுகிறது. நடுவில் இருக்கும் சின்னப் பெட்டி 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கிறது.

எந்த ஃபியூஸ் எந்த வகை என்பதை அவசரப்பட்டு முடிவு செய்யக்கூடாது. புதிய கார்களில் கதவைப் பூட்டிய பின்னும் சில சுற்றுகள் பல நிமிடங்கள் விழித்திருந்துவிட்டே அணைகின்றன. அரை மணி நேரம் கழித்து மீண்டும் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்ப்பது நல்லது. ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின் கணினி ஆகியவற்றின் ஃபியூஸ்கள் பக்கம் போகவே கூடாது.

ஒயரைச் சீவி முறுக்காமல் இணைக்க ‘பிக்கிபேக்’ ஹோல்டர் இருக்கிறது. பழைய ஃபியூஸ் இருந்த இடத்தில் அதைச் செருகினால், கால்களை ஒட்டிய கீழ்ப் பள்ளத்தில் பழைய ஃபியூஸும் மேல் பள்ளத்தில் கேமராவின் ஃபியூஸும் உட்காரும். இதைத் திருப்பிச் செருகினாலும் கேமரா வேலை செய்யும். ஆனால் கேமராவின் கரன்ட்டும் பழைய ஃபியூஸ் வழியாகவே ஓடி, அதன் சுமையைக் கூட்டும். ஃபியூஸைப் பிடுங்கிய பிறகும் எந்தப் பக்கத் துளையில் டெஸ்ட் லேம்ப் எரிகிறதோ, அதுதான் பேட்டரிப் பக்கம். இரண்டு ஃபியூஸுக்கும் பொதுவான கால் அங்கே போக வேண்டும்.

மூன்று நாள் கணக்கு

பார்க்கிங் மோடில் கேமரா கால் ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 6 ஆம்பியர்-மணி. சிறிய கார்களில் 35 ஆம்பியர்-மணி பேட்டரி சாதாரணம். அதில் பாதி காலியாக 70 மணி நேரம் போதும். வெள்ளிக்கிழமை இரவு நிறுத்திய வண்டியின் பேட்டரி திங்கள் மாலைக்குள் பாதி இறங்கியிருக்கும். கடிகாரம், ரிமோட் பூட்டு என்று கார் தன் பங்குக்கு உறிஞ்சுவது தனி. பேட்டரி பழையது என்றால் செல்ஃப் எடுக்காது.

செல்ஃப் எடுக்காததோடு தொல்லை முடிவதில்லை. 1859-இல் பிரான்சின் காஸ்டன் பிளாண்டே உருவாக்கிய ஈய-அமில பேட்டரியின் வழித்தோன்றல்தான் இன்றைய கார் பேட்டரியும். கரன்ட் கொடுக்கும்போது அதன் தகடுகளில் ஈய சல்ஃபேட் படிகிறது, சார்ஜ் ஏறும்போது கரைகிறது. காலியாகவே நாள்கணக்கில் கிடந்தால் அந்தப் படிவு கெட்டிப்பட்டு, பிறகு சார்ஜ் போட்டாலும் கரையாது. வீட்டு இன்வெர்ட்டருக்கான டியூபுலர் பேட்டரி ஆழமாக இறங்கி ஏறுவதற்கென்றே தடித்த தகடுகளோடு செய்யப்பட்டது. கார் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை. சில நொடிகள் வெள்ளமாகக் கொட்டத் தெரியுமே தவிர, மெல்ல மெல்லக் கசிந்து வற்றுவதை அவை தாங்காது.

அதனால்தான் நல்ல கிட்டில், பேட்டரியின் வோல்டேஜ் நாம் வைத்த அளவுக்குக் கீழே இறங்கியதும் கேமராவை நிறுத்திவிடும் ‘கட்-ஆஃப்’ இருக்கிறது. ஓய்வில் இருக்கும் முழு பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 11.9-ஐ நெருங்கினால் கிட்டத்தட்டக் காலி. பல கிட்டுகளில் 11.6 தொடங்கி 12.4 வரை வைத்துக்கொள்ளலாம். கேமரா நெடுநேரம் ஓடட்டும் என்று 11.6-இல் வைப்பவர் பேட்டரியைப் பணயம் வைக்கிறார். 12.2 பாதுகாப்பானது. தினமும் பத்து நிமிடமே ஓடும் வண்டியில், இரவெல்லாம் போனதை ஆல்டர்னேட்டர் அந்தக் கொஞ்ச நேரத்தில் ஈடுகட்ட முடியாது. ஆகவே அங்கே 12.4-தான் சரி. விமான நிலையத்தில் ஒரு வாரம் நிறுத்திவிட்டுப் போகிறவர் பார்க்கிங் மோடையே அணைத்துவிடலாம்.

தூணுக்குள் ஓர் எச்சரிக்கை

முன்கண்ணாடியின் ஓரத்துத் தூண் வழியாகத்தான் ஒயரை இறக்குவார்கள். பல கார்களில் அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள் கர்ட்டன் ஏர்பேக் சுருண்டிருக்கிறது. மோதலில் நொடியின் நூறில் சில பங்குக்குள் அது விரிந்துவிடும். ஒயர் அதற்கு முன்னால் குறுக்கே கிடந்தால் விரிவதைத் தடுக்கும், அல்லது தானே சாட்டைபோல முகத்தில் வீசும். ஏர்பேக்குக்குப் பின்னால், கம்பெனி ஒயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டுவதே முறை.

கடையில் வேலை முடிந்ததும் ‘கேமரா ஓடுதா?’ என்று மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்க வேண்டாம். ஃபியூஸ் எத்தனை ஆம்பியர், கட்-ஆஃப் எத்தனை வோல்ட், தூணில் ஒயர் ஏர்பேக்குக்கு எந்தப் பக்கம் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் தடுமாறினால், காரை வேறு எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோவது மேல்.