அழகுக்காக டயரின் அளவை மாற்றலாமா?

நான் வாங்கிய 2008ஆம் ஆண்டு டொயோட்டா விட்ஸ் காரில் 16 அங்குல அலோய் ரிம்கள் பூட்டப்பட்டிருந்தன. முன்னைய உரிமையாளர் ஆசைப்பட்டுப் போட்டவை. பார்ப்பதற்கு எடுப்பாக இருந்ததால் நானும் அதைப்பற்றி யோசிக்கவில்லை.

ஒருநாள் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் போய்க்கொண்டிருந்தோம். வீதியில் மேடுபள்ளம் வரும்போதெல்லாம் பின்பக்கத்தில் உரசும் சத்தம் கேட்டது. கிளிநொச்சியில் ஒரு டயர் கடையில் நிறுத்தினேன். ஜாக் போட்டுப் பார்த்தவர் டயரின் வெளி ஓரத்தில் விரலை வைத்துக் காட்டினார். மட்காட்டில் உரசி உரசி இறப்பர் தேய்ந்து, உள்ளே இருக்கும் நூல் தெரிந்தது.

"தம்பி, இன்னும் கொஞ்சத் தூரம் ஓடியிருந்தா வெடிச்சிருக்கும்" என்றார்.

பின் ஆசனத்தில் பிள்ளைகள் நித்திரை. அன்றுதான் டயரில் எழுதியிருக்கும் எண்களை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன்.

எண்கள் சொல்வது என்ன?

என் காருக்கு உற்பத்தியாளர் கொடுத்த அளவு 165/70ஆர்14. இதில் 165 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை வீதம் என்பது. அதாவது 115.5 மில்லிமீற்றர். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ரிம்மின் விட்டத்துடன் பக்கச்சுவரை இரண்டு தடவை கூட்டினால் சக்கரத்தின் முழு விட்டம் கிடைக்கும். இங்கே அது ஏறத்தாழ 587 மில்லிமீற்றர்.

என் காரில் இருந்ததோ 195/50ஆர்16. அதன் முழு விட்டம் 601 மில்லிமீற்றர், அதாவது சுமார் இரண்டரை வீதம் அதிகம். விட்டம் கூடினால் வேகமானி குறைத்துக் காட்டும். முன்பு 60 காட்டிய அதே வேகத்தை விட, இப்போது 60 காட்டும்போது கார் இரண்டரை வீதம் வேகமாக ஓடுகிறது. மூல விட்டத்திலிருந்து வித்தியாசம் 3 வீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான விதி. ஆனால் என் டயர் அந்த எல்லைக்குள் இருந்தும் உரசியது. காரணம் அகலமும் ரிம்மும்தான்.

ரிம்மில் பார்க்க வேண்டியவை

விட்ஸ் ரிம்முக்கு நான்கு நட்டுத் துளைகள். அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீற்றர். பலரும் இதை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். நடுத்துளை சரியாகப் பொருந்தாவிட்டால் ஸ்டியரிங் நடுங்கலாம்.

அதைவிட முக்கியம் ரிம்மில் 'ஈடி' என்று பொறித்திருக்கும் எண். அது குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். என் ரிம்மில் அது மூல ரிம்மைவிடக் குறைவு. நான் தனியே ஓடும்போது எதுவும் தெரியவில்லை. ஐந்து பேரும் பொதிகளும் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தபோதுதான் மட்காட் டயரில் பட்டது.

பக்கச்சுவர் சிறுத்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. எங்கள் வீதிக் குழிகளில் விழும்போது அதிர்வைத் தாங்குவது அந்தச் சுவர்தான். அது குறைந்தால் ரிம் வளையும், டயர் பொக்களிக்கும். பெரிய சக்கரத்தின் பாரம் 1000 சிசி எஞ்சினுக்கும் சுமைதான்.

வாங்கும்போது

முதலில் சாரதியின் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையைப் பாருங்கள். சரியான அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கும். அளவுக்குப் பின்னால் வரும் 81 போன்ற எண் டயர் தாங்கும் பாரத்தைக் குறிக்கும். 81 என்றால் ஒரு டயருக்கு 462 கிலோகிராம். அதைவிடக் குறைந்த எண் வேண்டாம். உற்பத்தித் திகதியையும் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

சற்று அகலமான டயர் வேண்டுமென்றால் அதே 14 அங்குல ரிம்முக்கு 175/65ஆர்14 போடலாம். முழு விட்டம் 583 மில்லிமீற்றர். வித்தியாசம் ஒரு வீதம்கூட இல்லை.

நான் பழைய அளவுக்கே திரும்பினேன். அலோய் ரிம்களை விற்றதில் நட்டம்தான். இப்போது என் கார் முன்புபோல எடுப்பாக இல்லை. ஆனால் எல்லோரும் ஏறினாலும் உரசும் சத்தம் கேட்பதில்லை.