மழலையரோடு மாமதுரையில் இரண்டு நாள்

சனிக்கிழமை விடியற்காலையில் மதுரைச் சந்திப்பில் ரயிலைவிட்டு இறங்கும் குடும்பங்களைச் சற்றே கவனித்துப் பார்க்கலாம். தாத்தாவின் சட்டைப் பையில் தரிசிக்க வேண்டிய தலங்களின் பட்டியல் இருக்கும். மீனாட்சியம்மன் கோயில், கூடலழகர், திருப்பரங்குன்றம், அழகர்கோவில், பழமுதிர்சோலை. நேரம் வாய்த்தால் திருமோகூரும் திருவாதவூரும். மருமகளின் தோளில் இரண்டு வயதுக் குழந்தை உறங்கிக்கொண்டிருக்கும். அப்பாவின் விரலைப் பற்றியபடி ஐந்து வயதுப் பிள்ளை, 'யானை எங்கே?' என்று கேட்டுக்கொண்டே வரும். பட்டியல் எழுதப்பட்டபோது இவ்விரு குழந்தைகளைப் பற்றி எவரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஞாயிறு இரவு ஊர் திரும்பும்போது பட்டியல் நிறைவேறியிருக்கும். ஆனால் அந்த மருமகள் ஒரு சந்நிதியிலாவது கண் குளிர நின்றிருப்பாளா என்பது ஐயமே. நெடுநேரம் வரிசையில் நின்று, சந்நிதி நெருங்கும் வேளையில் குழந்தை வீறிட்டு அழ, சுற்றியிருப்போரின் முகச்சுளிப்பைத் தாங்க மாட்டாமல் வரிசையை விட்டு விலகித் தூணோரம் அமர்ந்துவிடும் இளம் தாய்மாரை எந்தப் பெரிய கோயிலிலும் காணலாம். மற்றவர்கள் தரிசனம் முடித்து வந்து அவள் நெற்றியில் குங்குமம் இட்டு, 'உனக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டோம்' என்பார்கள். பிள்ளை பிறந்த பிறகு மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பல தாய்மாருக்கு வாய்க்கும் தரிசனம் இவ்வளவே. குழந்தைக்கோ, கோயில் என்றால் நெரிசல், வியர்வை, அதட்டல் என்றே மனத்தில் பதிகிறது. அழுகையை அடக்கப் பெரியவர்கள் கையாளும் கடைசி ஆயுதம் ஒன்று உண்டு: 'அழுதால் சாமி கண்ணைக் குத்தும்.'

இச்சொல்லை வேறெங்கு சொன்னாலும் மதுரையில் சொல்லலாகாது. அங்கயற்கண்ணி என்பது இத்தலத்து அன்னையின் திருநாமம். கயல் என்றால் மீன். மீன் தன் முட்டைகளைப் பார்வையாலேயே காத்துப் பொரிக்கும் என்பது பெரியோர் வழிவழியாகச் சொல்லிவரும் நம்பிக்கை. அவ்வாறே உலக உயிர்களைக் கண்ணாலேயே காத்து வளர்ப்பவள் என்பதனால் அவள் மீனாட்சி. அத்தகைய தாயின் வாசலில் நின்றுகொண்டு, கண்ணைக் குத்தும் தெய்வத்தைக் குழந்தைக்கு அறிமுகம் செய்வது எவ்வளவு பொருந்தாச் செயல்!

உண்மையில் சிறு குழந்தைகளை அழைத்துச் செல்வதற்கு மதுரையைப் போல் ஏற்ற ஊர் அரிது. சொக்கநாதப் பெருமான் அறுபத்து நான்கு திருவிளையாடல்களை நிகழ்த்திய தலம் இது. பரஞ்சோதி முனிவர் பாடிய அவ்விளையாடல்களில் கல் யானை கரும்பு தின்கிறது. தாயை இழந்த பன்றிக்குட்டிகள் பசியாறுகின்றன. காக்கைகளால் துன்புற்ற கரிக்குருவி உபதேசம் பெற்று வலிமை அடைகிறது. இறைவன் வளையல் விற்கிறார், விறகு சுமக்கிறார், பிட்டுக்காக மண் சுமந்து அடியும் படுகிறார். நான்கு வயதுப் பிள்ளைக்கு இவற்றை விளக்கவே வேண்டாம், சொன்னால் போதும். பயணத்துக்கு முந்தைய வாரத்தில் இரவுக்கு ஒரு கதையாக நான்கைந்து கதைகளைப் பாட்டி சொல்லி வைத்துவிட்டால், கோயிலுக்குள் நுழையும் குழந்தை தனக்கு முன்பே தெரிந்தவர்களைப் பார்க்கப் போவது போல நடக்கும். பெட்டி கட்டுவதைவிட இந்த ஆயத்தம் முக்கியமானது.

பயணம் குறித்துச் சில குறிப்புகள். சென்னையிலிருந்து வருவோருக்கு இரவு ரயிலே உகந்தது. உறக்கத்திலேயே பெரும்பாலான தொலைவு கடந்துவிடும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காதவரை பயணச்சீட்டு தேவையில்லை. ஐந்து வயது முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டுமெனில் 2016 முதல் முழுக் கட்டணம். அதைச் செலுத்திவிடுவதே நலம். ஒரே படுக்கையில் தாயும் பிள்ளையும் ஒடுங்கிக் கிடந்து உறக்கமின்றி வந்து இறங்கினால், மறுநாள் முழுவதும் அதற்கு விலை கொடுக்க நேரும். தங்குமிடம் கோயிலுக்கு நடந்து செல்லும் தொலைவில் இருப்பது எல்லாவற்றிலும் முதன்மையானது. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக அமைந்த நகரம் இது. மாசி வீதிகளுக்குள் அறை கிடைத்துவிட்டால், குழந்தை சிணுங்கிய பத்தாவது நிமிடத்தில் அதைப் படுக்கையில் கிடத்திவிடலாம்.

சனிக்கிழமை காலையிலேயே அம்மன் சந்நிதிக்கு விரைவது பெரியவர்களின் இயல்பு. அதைச் சற்றே ஒத்திவைக்கலாம். குளித்து, இட்லி உண்டு, களைப்பு நீங்கிய பின் கூடலழகர் பெருமாளைச் சேவித்து வரலாம். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் ஒன்றான இக்கோயில் பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகிலேயே உள்ளது. அஷ்டாங்க விமானத்தின் மூன்று தளங்களில் பெருமாள் அமர்ந்தும், நின்றும், சயனித்தும் காட்சி தருகிறார். இருந்தான், நின்றான், கிடந்தான் என்னும் மூன்று திருக்கோலங்களையும் ஒரு சிறுவன் தன் உடம்பாலேயே செய்து காட்டிப் புரிந்துகொள்வான். மேல்தளங்களுக்குச் செல்லும் அனுமதி அவ்வேளையில் இல்லை என்றாலும், கீழே நின்று விமானத்தைக் காட்டிச் சொல்லலாம்.

மீனாட்சியம்மன் கோயில் நடை பகல் பன்னிரண்டரை மணியளவில் சாத்தப்பட்டு மாலை நான்கு மணிக்கு மீண்டும் திறக்கிறது. குழந்தை உறங்கும் நேரமும் ஏறத்தாழ அதுவே. அந்த மூன்றரை மணி நேரத்தில் மகாலையும் கடைவீதியையும் பார்த்துவிடலாம் என்று கணக்கிடும் அன்பர்கள் பலர். 1636-இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலின் தூண்கள் அங்கேயேதான் நிற்கப் போகின்றன. உச்சி வெயிலில் அலைந்த குழந்தை மாலையில் கோயிலுக்குள் அழாமல் இருக்குமென்று எதிர்பார்க்க வழியில்லை. நடை சாத்தியிருக்கும் நேரத்தில் குடும்பமே கண்ணயர்வது நல்லது.

மாலை நான்கரை மணிக்குக் கோயிலுக்குள் செல்லும்போது வரிசையில் நிற்காமல் உலா மட்டும் வரலாம். 'அம்மனைப் பார்க்காமல் திரும்புவதா?' என்று பாட்டி தயங்கக்கூடும். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று அவர்தானே வீட்டில் சொல்லித்தந்திருப்பார். ஏறத்தாழ 170 அடி உயரமுள்ள தெற்குக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் குழந்தைக்கு அதிலுள்ள ஆயிரமாயிரம் சுதைச் சிற்பங்களே ஒரு மணி நேரத்துக்குப் போதும். அடுத்து பொற்றாமரைக் குளம். இக்குளத்து மீன்களை உண்ணலாகாது என்று தன்னை அடக்கிக்கொண்ட நாரைக்கு இறைவன் முத்தி அளித்தார் என்பதும், அதன் வேண்டுகோளுக்கு இணங்க அன்று முதல் இக்குளத்தில் மீன்களே இல்லை என்பதும் திருவிளையாடல். படியில் அமர்ந்து, மீன் ஏதேனும் தென்படுகிறதா என்று தேடச் சொன்னால் பிள்ளைகள் மிகுந்த பொறுப்போடு தேடுவார்கள். படியோரத்தில் ஒருவர் கை அவர்களைப் பற்றியே இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

குளக்கரையில் விபூதிப் பிள்ளையார் எழுந்தருளியிருக்கிறார். இவருக்குப் பக்தர்கள் தம் கையாலேயே திருநீறு தூவி வழிபடுவது வழக்கம். மற்றச் சந்நிதிகளில் எட்டி நின்று காண்பதையே பழகிய குழந்தைக்கு, தெய்வத்துக்குத் தன் கையால் ஒன்று செய்யும் வாய்ப்பு இங்கே கிட்டுகிறது. பாதித் திருநீறு அதன் தலையிலும் சட்டையிலும் விழும்; விழட்டும். அங்கிருந்து முக்குறுணி விநாயகர். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் தோண்டியபோது கிடைத்தவர் என்று சொல்லப்படும் இப்பேருருவப் பிள்ளையாருக்கு, விநாயகர் சதுர்த்தியன்று முக்குறுணி, அதாவது பதினெட்டுப் படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை படைப்பார்கள். அவ்வளவு பெரிய கொழுக்கட்டையை யார் தின்றிருப்பார்கள் என்ற கேள்விக்கு விடை சொல்லியே அறைக்குத் திரும்பும் வழி முழுவதும் கழிந்துவிடும்.

கோயில் யானையைக் காண்பதாகப் பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது. அன்று அது வெளியே வராமல் இருக்கலாம். குழந்தைக்குக் கொடுத்த வாக்கு பொய்த்தால் கோயிலின் மீதே அதற்குக் கோபம் வரும்.

இங்கே இன்றியமையாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோயிலுக்குள் கைபேசி கொண்டுசெல்ல அனுமதி இல்லை. நான்கு திசைகளிலும் கோபுர வாசல்கள். பெரியவர்களே தாம் வந்த வாசல் எதுவென்று திகைப்பதுண்டு. நெரிசலில் ஒரு பிள்ளை கைநழுவினால் ஒருவரையொருவர் அழைக்க வழியிராது. ஆகவே பெற்றோரின் பெயரும், வெளியே காத்திருக்கும் உறவினர் அல்லது தங்குமிடத்தின் தொலைபேசி எண்ணும் எழுதிய தாளைக் குழந்தையின் சட்டைப் பையில் வைத்து ஊசி குத்திவிட வேண்டும். பிரிந்துவிட்டால் எல்லோரும் வந்து சேர வேண்டிய இடம் முக்குறுணி விநாயகர் சந்நிதி என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். கோயிலுக்குள் யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள். 'பெரிய பிள்ளையார்' என்று பிள்ளைக்கும் நினைவிருக்கும்.

குழந்தைக்கு டயாப்பர் அணிவித்துக் கோயிலுக்குள் அழைத்துச் செல்வது பற்றி மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே மனத்தாங்கல் எழும் வீடுகளும் உண்டு. நுழைவதற்குச் சற்று முன் புதிதாக மாற்றிவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிட்டால் தூய்மையும் காக்கப்படும், மனத்தாங்கலுக்கும் இடமிராது. உணவில் மதுரையின் பருத்திப்பால் பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஜிகர்தண்டாவின் குளிர்ச்சி இரண்டு வயதுத் தொண்டைக்கு ஏற்றதன்று. குழந்தை உறங்கிய பின் பெரியவர்கள் அருந்துவதே ராஜதந்திரம்.

தரிசனத்துக்கு உரியது ஞாயிறு அதிகாலை. நடை ஐந்து மணிக்குத் திறக்கிறது. ஆறு மணிக்குள் உள்ளே சென்றுவிட்டால் வரிசை குறைவு, கல்தளம் குளிர்ச்சி. முதல் நாள் உலாவில் இடம் பழகிவிட்டபடியால் குழந்தைக்கும் அச்சமிராது. இவ்வேளையில் ஒரு முறை வகுத்துக்கொள்வது நன்று: கைக்குழந்தையை அப்பாவோ தாத்தாவோ வாங்கிக்கொள்ள, தாய் முதலில் தனியே சென்று தரிசித்து வர வேண்டும். 'எல்லோரும் பார்த்துவிட்டு வரட்டும், பிறகு நான் போகிறேன்' என்று அவள் சொல்வாள். அதை ஏற்கக் கூடாது. கடைசி முறை என்பது பெரும்பாலும் வராமலே போகும் முறை. ஐந்து வயதுப் பிள்ளையும் அவளோடு செல்ல வேண்டாம். கையில் எவரையும் பிடித்துக்கொள்ளாமல், கையேந்தி நிற்க அவளுக்குக் கிடைக்கும் அந்த ஓரிரு நிமிடங்களுக்காகவே இப்பயணம் என்று கொண்டாலும் தவறில்லை.

அதன்பின் எல்லோருமாகச் சுவாமி சந்நிதி. சுந்தரேசுவரர் எழுந்தருளியிருக்கும் இந்திர விமானத்தை எட்டு யானைகளும் 32 சிங்கங்களும் 64 சிவகணங்களும் தாங்குகின்றன. பிராகாரத்தை வலம் வரும்போது யானைகளை ஒவ்வொன்றாக எண்ணச் சொன்னால், பிள்ளை அறியாமலே ஒரு பிரதட்சிணம் நிறைவேறிவிடும். அபிடேக பாண்டியன் கரும்பை நீட்டி, 'இக்கல் யானை இதைத் தின்னட்டும்' என்று எல்லாம் வல்ல சித்தரைச் சோதித்ததும், சித்தர் கடைக்கண்ணால் நோக்க யானை கரும்பைத் தின்றதோடு அரசனின் முத்துமாலையையும் பறித்துக்கொண்டதும் இவ்விடத்துக் கதைதான்.

வெள்ளியம்பலம் வந்ததும் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொள்ள வேண்டும். எல்லாத் தலங்களிலும் இடக்காலைத் தூக்கி ஆடும் நடராசப் பெருமான் இங்கே வலக்காலைத் தூக்கி ஆடுகிறார். இராசசேகர பாண்டியன் அறுபத்து நான்கு கலைகளையும் கற்கும் ஆவலில் இறுதியாகப் பரதம் பயின்றான். பயிலும்போது அவன் கால்கள் வலித்தன. சில நாள் ஆடிய தனக்கே இப்படியென்றால், எந்நாளும் ஒரே காலில் நின்று ஆடும் பெருமானுக்கு எவ்வளவு வலிக்கும் என்று கலங்கினான். 'காலை மாற்றி ஆட வேண்டும், இல்லையேல் உயிர் துறப்பேன்' என்று வாள் முன் நின்றான். பெருமான் கால் மாறி ஆடினார். 'கால் வலிக்கிறது, தூக்கிக்கொள்' என்று இரண்டு நாளும் சொல்லிவந்த பிள்ளையிடம் இக்கதையைச் சொல்லிவிட்டு, எந்தக் கால் மேலே இருக்கிறது என்று கேட்டால், அது தன் காலையே தூக்கிக் காட்டும்.

எட்டு மணிக்குள் வெளியே வந்து சிற்றுண்டி முடித்துவிட்டால் பயணத்தின் பெரும்பகுதி நிறைவுற்றதாகக் கொள்ளலாம். மாலை வெயில் தணிந்தபின் மகாலைப் பார்ப்பதோ, இராணி மங்கம்மாளின் அரண்மனையில் 1959 முதல் இயங்கிவரும் காந்தி நினைவு அருங்காட்சியகத்தின் வளாகத்தில் பிள்ளைகளை ஓடவிடுவதோ அவரவர் வசதி. அழகர்மலை ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவுதான். எனினும் மலைப்பாதையும், கையிலிருப்பதைப் பறிக்கும் குரங்குகளும், ஔவைக்குச் சுட்ட பழம் தந்த பாலமுருகன் கதையும் சேர்ந்து ஒரு முழு நாளைக் கேட்பவை. அதை மற்றொரு பயணத்துக்கு ஒதுக்குவதில் தாத்தாவுக்குச் சற்று வருத்தம் இருக்கும். அவர் மட்டும் ஞாயிறு முற்பகலில் வண்டி வைத்துக்கொண்டு சென்று, மிளகு மணக்கும் அழகர்கோவில் தோசையோடு திரும்பி வந்தால் வீட்டாருக்கும் மகிழ்ச்சியே.

சித்திரைத் திருவிழா நாள்களில் மதுரை மக்கள் வெள்ளத்தில் திளைக்கும். கைக்குழந்தையோடு செல்ல அது காலமன்று. ஐயப்ப பக்தர்கள் திரளும் கார்த்திகை, மார்கழி மாதங்களிலும் வரிசை நீளும். ஆவணி மூலத் திருவிழாவில் கரிக்குருவிக்கு உபதேசித்ததும், நாரைக்கு முத்தி கொடுத்ததும், வளையல் விற்றதும், பிட்டுக்கு மண் சுமந்ததும் நாளொன்றாகக் கொண்டாடப்படுகின்றன. பிள்ளைக்கு ஏழெட்டு வயது ஆனதும் அவ்விழாவுக்கு அழைத்து வரலாம்.