மீண்டும் வரும் புற்றுநோய்க்கு மீண்டும் கதிர்வீச்சு: ரோபோ கருவியின் பலனும் வரம்பும்

கருப்பை வாய், மலக்குடல், புரோஸ்டேட் சுரப்பி போன்ற இடுப்புக் குழி உறுப்புகளில் தோன்றும் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு ஒரு முக்கிய சிகிச்சையாகும். ஆனால் சிகிச்சை பெற்ற அதே இடத்தில் நோய் மீண்டும் தோன்றினால், மருத்துவர்களின் முன்னுள்ள வழிகள் வெகுவாகக் குறைந்துவிடுகின்றன.

இதற்குக் காரணம், கதிர்வீச்சு பட்ட ஆரோக்கியமான திசுக்கள் அதன் பாதிப்பிலிருந்து முழுமையாக மீள்வதில்லை என்பதே. குடலும் சிறுநீர்ப்பையும் கட்டியை ஒட்டியே அமைந்துள்ளன. அவற்றின் மீது மறுபடியும் முழு அளவில் கதிர்கள் பாய்ந்தால் இரத்தக்கசிவும், குடலில் துளையும் ஏற்படக்கூடும்.

நோயுற்ற உறுப்புகளை ஒட்டுமொத்தமாக அகற்றும் அறுவை சிகிச்சையை அமெரிக்க மருத்துவர் அலெக்சாண்டர் பிரன்ஷ்விக் 1948ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்றும் அது செய்யப்படுகிறது. எனினும் அதன் பின்னர் பலர் சிறுநீரையும் மலத்தையும் வயிற்றில் பொருத்திய பைகளின் மூலம் வெளியேற்றியே வாழ நேரிடுகிறது.

ரோபோ கை செய்வது என்ன?

இந்நிலையில் மாற்று வழியாக வந்ததே 'சைபர்நைஃப்' எனும் கருவி. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக நரம்பியல் அறுவை மருத்துவர் ஜான் ஆட்லர் உருவாக்கிய இக்கருவியால் 1994ஆம் ஆண்டில் முதல் நோயாளி சிகிச்சை பெற்றார். மூளைக்கட்டிகளுக்காக உருவான இதனை உடலின் பிற பகுதிகளிலும் பயன்படுத்த அமெரிக்கா 2001ஆம் ஆண்டில் அனுமதித்தது. சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் 2009ஆம் ஆண்டு இது நிறுவப்பட்டது.

கதிர்களை உமிழும் சாதனம் ஒரு ரோபோ கையில் பொருத்தப்பட்டிருக்கும். அது பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களைப் பாய்ச்ச, அவை கட்டியில் மட்டுமே ஒன்றுகூடி வலிமை பெறுகின்றன. சிகிச்சையின்போதே எக்ஸ்ரே படங்கள் எடுக்கப்பட்டு, கட்டி நகர்ந்தால் குறியும் திருத்தப்படுகிறது. வழக்கமாக ஐந்து வாரங்கள் நீடிக்கும் சிகிச்சை, இதில் பெரும்பாலும் ஐந்து அமர்வுகளுக்குள் முடிந்துவிடுகிறது.

இத்தாலியின் மிலான் நகரிலுள்ள ஐரோப்பியப் புற்றுநோய்க் கழக மருத்துவர்கள், 2007 முதல் 2009 வரை புரோஸ்டேட் புற்றுநோய் திரும்பிய 34 பேருக்கு இச்சிகிச்சை அளித்தனர். அவர்களில் ஒரு பகுதியினர் முன்னரே கதிர்வீச்சு பெற்றவர்கள். 30 மாதங்களுக்குப் பின் சுமார் 43 சதவீதத்தினருக்கு நோய் முற்றவில்லை. முற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அது கதிர் பாய்ந்த இடத்துக்கு வெளியிலேயே தோன்றியது. அதாவது, குறிவைத்த கட்டியை அடக்கினாலும், உடலில் வேறிடத்தில் மறைந்திருக்கும் நோயை இக்கருவியால் தடுக்க இயலாது.

பழைய ஆவணங்களின் முக்கியத்துவம்

இரண்டாவது சிகிச்சையின் பாதுகாப்பு, முதல் சிகிச்சையின் விவரங்களையே பெரிதும் சார்ந்துள்ளது. எந்த இடத்தில், எத்தனை கிரே அளவில், எத்தனை அமர்வுகளில், எந்த ஆண்டில் கதிர்வீச்சு தரப்பட்டது என்பது தெரிந்தால்தான், குடலும் சிறுநீர்ப்பையும் இன்னும் எவ்வளவு தாங்கும் என்று கணக்கிட முடியும்.

புலம்பெயர்ந்தவர்களுக்கு இது கூடுதல் முக்கியத்துவம் வாய்ந்தது. இத்தாலியின் தெற்கே, சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் பல்லாண்டுகளாக இலங்கைத் தமிழர்கள் வாழ்ந்துவருகின்றனர். அவர்களைப் போல நாடு மாறி வாழ்பவர்களில் ஒருவர் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ முதல் சிகிச்சை பெற்றிருக்க, நோய் திரும்புவது ஐரோப்பாவில் நிகழலாம். பழைய விவரங்கள் கிடைக்காவிட்டால் மருத்துவர்கள் அளவைக் குறைக்கவோ, சிகிச்சையையே தவிர்க்கவோ நேரிடும்.

எனவே கதிர்வீச்சு சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் எவரும், மருத்துவமனையின் சுருக்க அறிக்கையுடன் சிகிச்சைத் திட்டத்தின் கணினிப் பிரதியையும் கேட்டுப் பெற்றுப் பாதுகாப்பது அவசியம். பல ஆண்டுகள் கழித்து, வேறொரு நாட்டில், இரண்டாவது சிகிச்சை சாத்தியமா என்பதை அந்த ஆவணமே தீர்மானிக்கக்கூடும்.