தாளம் தப்பியது யாரால்?

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

தொட்டியத்திலுள்ள எங்கள் வீட்டில் சென்ற கோடை விடுமுறையில் நடந்தது இது. என் அப்பாயி இளமையில் வயலில் நடவுப் பாட்டை எடுத்துக் கொடுத்துப் பாடியவர். அப்பாட்டுகளைப் பதிவு செய்து வைக்க விரும்பி, கணிப்பொறியில் மைக்கை இணைத்து, அவர் காதில் ஹெட்போனை மாட்டினேன். குரல் கோயில் மண்டபத்தில் பாடுவதுபோல் கேட்கட்டும் என்று சிறிது எதிர்முழக்கமும் சேர்த்தேன். இரண்டு அடி பாடியவர் தடுமாறி நின்றார். மீண்டும் பாடினார், மீண்டும் தடுமாற்றம். "வயசாயிடுச்சுடா, தாளம் நிக்க மாட்டேங்குது" என்று கழற்றி வைத்துவிட்டார்.

தாளம் தப்பியது அப்பாயியா, கணிப்பொறியா? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காவிரியின் அக்கரையில் துணி துவைப்பவரைப் பார்த்திருப்பீர்கள். துணி கல்லில் விழுவது முதலில் தெரியும். ஓசை பிறகுதான் வரும். காரணம், ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில்தான் செல்கிறது. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லி நொடியில் அது கடக்கும் தூரம் வெறும் 34 செ.மீ. ஆகும்.

திருச்சி வானொலி நிலையம் 1939-இல் தொடங்கியது. அந்நாளைய ஒலிப்பதிவில் குரல் மின்னோட்டமாகவே கம்பியில் சென்றது. எனவே மைக்கில் பாடியது ஹெட்போனில் உடனுக்குடன் கேட்டது. கணிப்பொறியோ குரலை எண்களாக மாற்றுகிறது. நொடிக்கு 44,100 எண்கள் என்பது வழக்கமான அளவு. அவற்றை ஒவ்வொன்றாக அது கையாள்வதில்லை. 'பஃபர்' எனப்படும் தற்காலிகச் சேமிப்பில் ஒரு தொகுதி நிறைந்த பின்னரே எடுத்துக்கொள்கிறது.

நம் ஊர் வாழைத்தார் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். முழுப் பாரம் ஏறும்வரை லாரி புறப்படாது. முதலில் ஏற்றிய தாரும் காத்துக்கிடக்கத்தான் வேண்டும். நான் வைத்திருந்த பஃபர் 2,048 எண்கள். அது நிறைய 46 மில்லி நொடி ஆகும். உள்ளே வர ஒரு முறை, வெளியே போக ஒரு முறை என ஏறத்தாழ 93 மில்லி நொடி. அதாவது, 30 மீட்டருக்கும் அப்பால் நின்று வேறொருவர் பாடுவதுபோல் அப்பாயியின் குரல் அவர் காதுக்கே வந்திருக்கிறது! தம் குரலை எலும்பின் வழியாக உடனேயும், ஹெட்போன் வழியாகப் பிந்தியும் கேட்பவர் எப்படித் தாளம் பிடிப்பார்? தாமதமாகத் திரும்பும் தம் குரலைக் கேட்போர் பேச்சிலேயே தடுமாறுவதை 1950-இல் பெர்னார்ட் லீ என்ற அறிஞர் எடுத்துக்காட்டியுள்ளார்.

இதற்குப் பரிகாரம் யாது?

முதலாவது, பஃபரைச் சிறிதாக்குதல். 128 எண்கள் என்றால் இருவழிக்கும் சேர்த்து 6 மில்லி நொடிக்குள் அடங்கும். ஆனால் சிறு வண்டி அடிக்கடி ஓடவேண்டும் அல்லவா? கணிப்பொறியால் ஈடுகொடுக்க முடியாவிடில் 'படபட' என்ற இரைச்சல் எழும். விண்டோஸ் கணிப்பொறியில், ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் வெளியிட்ட ஏ.எஸ்.ஐ.ஓ. முறையைக் கையாண்டால் ஒலி குறுக்கு வழியில் சென்று தாமதம் மேலும் குறையும். புளூடூத் ஹெட்போன் தன் பங்குக்குத் தாமதம் சேர்ப்பதால் கம்பியுள்ளதே ஏற்றது.

இரண்டாவது, நேரடிக் கேட்பு. மைக்கைக் கணிப்பொறியோடு இணைக்கும் ஒலி இடைமுகப் பெட்டிகள் பலவற்றில் இவ்வசதி உண்டு. குரல் கணிப்பொறிக்குள் போகாமலே பெட்டியிலிருந்து காதுக்குத் திரும்பிவிடும். ஆனால் கணிப்பொறி சேர்க்கும் எதிர்முழக்கம் அதில் கேட்காது.

இரண்டையும் இணைப்பதே சிறந்த வழி. குரல் பெட்டியிலிருந்து நேரே வரட்டும். கணிப்பொறியிலிருந்து எதிர்முழக்கம் மட்டும் வரட்டும். மண்டபத்திலும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி சற்றுப் பிந்தியே வருவதால் இச்சிறு தாமதம் உறுத்துவதில்லை. கணிப்பொறி வழிவரும் குரலை மட்டும் மறவாமல் நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் குரல் இரட்டையாகக் கேட்கும். பதிவாவது எதுவும் சேராத தூய குரலாகவே இருத்தல் நலம். அழகை எப்போது வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். பதிவோடு கலந்துவிட்டதைப் பிரித்தெடுப்பது அரிது.

நண்பரிடம் ஒலி இடைமுகப் பெட்டியை இரவல் வாங்கி, இவ்வாறெல்லாம் சீர்செய்துகொண்டு, மறுவாரம் அப்பாயியைக் கெஞ்சிப் பாடவைத்தேன். தயங்கித் தொடங்கியவர் ஒரு பாட்டை முழுதும் பாடி முடித்தார். "இப்ப நிக்குதே!" என்று அவரே வியந்தார். அன்று மாலைக்குள் ஏழு பாட்டுகள் பதிவாயின. எந்தப் புத்தகத்திலும் நான் கண்டிராத பாட்டுகள் அவை!

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இத்தகைய செல்வம் இருக்கக்கூடும். அதனைப் பதிவு செய்ய முனையும்போது அவர்கள் தடுமாறினால், முதலில் கருவியைச் சோதியுங்கள். கருவியின் குறையை மனிதரின் குறையென்று எண்ணி ஒரு பாட்டை இழந்துவிடலாகாது.