10-க்கு 10 ரூமுக்கு ஸ்டீரியோ ஸ்பீக்கர் வாங்கப் போறீங்களா? முதலில் ஒரு டேப்பை எடுங்க!

சிவகாசியை ஒட்டியிருக்கும் நாரணாபுரம் பக்கம் கோயில் பொங்கல் என்றால் மைக்செட் இல்லாமல் நடக்காது. கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் ஊர் எல்லை தாண்டியும் கேட்கும். அந்தச் சத்தத்திலேயே வளர்ந்தவர்கள் வேலைக்குப் போய், வீட்டில் ஒரு சின்ன ரூமைப் பாட்டு கேட்க ஒதுக்கி, கடைக்குப் போனதும் கேட்கும் முதல் கேள்வி: "இது எத்தனை வாட்ஸ் அண்ணே?"

அங்கேதான் காசு வீணாக ஆரம்பிக்கிறது. மைக்செட் திறந்தவெளிக்கானது. வெளியே போகும் சத்தம் திரும்பி வராது. ரூமில் அப்படியில்லை. சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் தளம் என ஆறு பக்கமும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். உங்கள் காதுக்கு வருவது பாதி ஸ்பீக்கர், பாதி சுவர்.

ஒரு வாட் போதுமா?

கிட்டத்தட்ட போதும் என்பதுதான் உண்மை. ஸ்பீக்கர் விவரத்தில் 'சென்சிட்டிவிட்டி' என்று ஒரு எண் இருக்கும். 86 டெசிபல் என்று போட்டிருந்தால், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் கேட்கும் என்று அர்த்தம். சின்ன ரூமில் நீங்கள் உட்காருவதே நாலரை அடி தூரத்தில்தான். இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்தால் ஆளுக்கு ஒரு வாட்டிலேயே 85 டெசிபலைத் தாண்டிவிடும். உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்க வேண்டாம் என்கிறது. 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம்தான்.

தவில், டிரம்ஸ் மாதிரி திடீரென எகிறும் சத்தத்துக்குக் கொஞ்சம் கூடுதல் சக்தி வேண்டும். அதற்கும் ஒரு ஸ்பீக்கருக்கு 20, 30 வாட்ஸ் தாராளம். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. அதனால் 50 வாட்ஸுக்குப் பதில் 100 வாட்ஸ் வாங்கினால் சத்தம் இரண்டு மடங்காகக் கேட்காது. டப்பாவில் 'பிஎம்பிஓ' என்று ஆயிரக்கணக்கில் எண் போட்டிருந்தால் அதைக் கண்டுக்கவே வேண்டாம். 'ஆர்எம்எஸ்' எண்தான் கணக்கு.

ரூமே வாசிக்கும் ஒரு சுரம்

இப்போது டேப். எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே 10 அடி என்றால், 55 முதல் 60 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும் ஒரு சுரத்தை அந்த இடைவெளியே பிடித்துவைத்து ஊதிப் பெரிதாக்கும். பேஸ் கிட்டாரின் ஏ கம்பி சரியாக 55 ஹெர்ட்ஸ். இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் ஓடும் ஓட்டத்துக்காகவே ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் உண்டு. அந்த ஓட்டத்தில் ஒரு சுரம் மட்டும் 'பூம்' என்று வீங்கி, மற்றவை அமுங்கிப்போனால் குற்றம் ஸ்பீக்கர் மேல் இல்லை.

நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடியாக இருப்பதுதான் ரொம்ப மோசம். மூன்று பக்கமும் ஒரே சுரத்தைத் தூக்கிவிடும். 10-க்கு 12 கொஞ்சம் தேவலை. இதில் இன்னொரு விசித்திரம்: அதே சுரம் சுவரோரத்தில் பூதாகரமாகவும், ரூம் நடுவில் காணாமல் போயும் கேட்கும். அதனால் நாற்காலியைப் பின்சுவரில் ஒட்டியும் போடக்கூடாது, நட்டநடுவிலும் போடக்கூடாது. பின்சுவரிலிருந்து நாலடி முன்னால் போட்டுப் பாருங்கள். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சம முக்கோணம். ட்வீட்டர் காது உயரத்தில். இதற்குச் செலவு பைசா கிடையாது.

இப்படிப்பட்ட ரூமில் ஆளுயர டவர் ஸ்பீக்கரையும் சப்வூஃபரையும் கொண்டுவந்து வைத்தால் அந்த 'பூம்'தான் கூடும். நாலு, ஐந்து இஞ்ச் வூஃபர் உள்ள புக் ஷெல்ஃப் ஸ்பீக்கரே சரி. காற்று வெளியேறும் ஓட்டை பின்னால் இருந்தால் சுவரை விட்டு நன்றாகத் தள்ளி வைக்க இடம் வேண்டும். இடமில்லையா, ஓட்டை முன்னால் இருப்பதையோ ஓட்டையே இல்லாததையோ பாருங்கள்.

சின்னது என்றால் மட்டம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1970-களில் பிபிசி பொறியாளர்கள் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக 'எல்எஸ்3/5ஏ' என்று ஒரு ஸ்பீக்கர் செய்தார்கள். உயரம் 30 சென்டிமீட்டர்தான், ஓட்டையும் கிடையாது. நெரிசலான வேனுக்குள் உட்கார்ந்து குரலைத் துல்லியமாகக் கேட்கப் பிறந்த அந்தப் பெட்டியை உலகம் முழுக்க ரசிகர்கள் இன்றும் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள்.

சுவரில் ஃபோம் ஒட்டலாமா?

எதிரொலியைக் குறைக்க பலரும் செய்வது ஒரு இஞ்ச் ஃபோம் ஷீட் அல்லது முட்டை அட்டை. இரண்டும் கீச்சுச் சத்தத்தைக் கொஞ்சம் அடக்கும். 'பூம்' சத்தத்தைத் தொடக்கூட செய்யாது. பக்கத்து வீட்டுக்குப் போகும் சத்தத்தையும் தடுக்காது.

பட்டாசுத் தொழில் செய்யும் ஊர்க்காரர்கள் யோசிக்க வேண்டியது வேறு விஷயம். 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 'தி ஸ்டேஷன்' இரவு விடுதி மேடையில் கொளுத்திய வாணத்தின் பொறி, சத்தத்துக்காகச் சுவரில் ஒட்டியிருந்த ஃபோமில் பட்டது. 100 பேர் இறந்தார்கள். 2013 ஜனவரியில் பிரேசிலின் சான்டா மரியாவில் 'கிஸ்' விடுதியிலும் இதே கதை, கூரை ஃபோமில்; இறந்தவர்கள் 242 பேர். தீப்பொறி என்ன செய்யும் என்று சிவகாசி வட்டாரத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கரும்புகையாய் எரியும் பொருளை ரூம் முழுக்க ஒட்டி, உள்ளே ஒரு பிளக் பாயின்ட்டையும் வைத்துக்கொண்டு தூங்குவது வேண்டாத வேலை.

பதிலாக, வீட்டில் ஏற்கெனவே இருப்பதைப் பயன்படுத்தலாம். தரையில் ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை, பின்சுவரில் புத்தக அலமாரி, மூலையோரம் பஞ்சு மெத்தையோடு கட்டில். காலி ரூமுக்கும் சாமான் உள்ள ரூமுக்கும் வித்தியாசம் தெரிய, உள்ளே நின்று ஒரு கை தட்டிப் பார்த்தாலே போதும்.

பக்கத்து வீடு

2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் அளவு. தனியார் வீட்டு ஒலிக்கருவியின் சத்தம் வீட்டு எல்லையில் இதைவிட 5 டெசிபலுக்கு மேல் தாண்டக்கூடாது. இரவுக் கணக்கு 10 மணி முதல் காலை 6 மணி வரை. பேஸ்தான் சுவரைத் துளைத்துப் போகும். காலை ஷிஃப்டுக்கு எழ வேண்டிய பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பாட்டு கேட்காது, அதிர்வு மட்டும் கேட்கும். சப்வூஃபரைத் தவிர்க்க இதுவே போதுமான காரணம்.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது இரண்டு ஜோடியையும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக ஓடுவதுதான் நல்லது என்று காது ஏமாறும். பத்து வருஷமாகக் கேட்ட, மனப்பாடமான ஒரு பாட்டை எடுத்துப் போங்கள். வீட்டுக்கு வந்து வைத்ததும் எங்கோ 'கிர்ர்' என்று சத்தம் வந்தால் உடனே கடைக்குப் போன் போட வேண்டாம். முதலில் இரும்பு பீரோ கதவை ஒரு கையால் அழுத்திப் பிடித்துப் பாருங்கள்.