குரங்கும் கணினியும்

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி முற்பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியிற் பட்டமையே காரணம் என மின்சக்தி அமைச்சர் கூறினார். ஒரு குரங்கு நாடு முழுவதையும் நிறுத்தவல்லதாயின், குறை குரங்கினிடத்தன்று. ஓரிடத்துப் பழுதைத் தாங்கமாட்டாத அமைப்பினிடத்தேயாம்.

இவ்வுண்மையை முன்னரே உணர்ந்த கணினித் துறையினர் தாமே ஒரு குரங்கை ஏவினர். 2008இல் நெட்பிளிக்ஸ் நிறுவனத்தின் தரவுத்தளம் பழுதுற்றதனால், மூன்று நாட்கள் வாடிக்கையாளர்க்குத் திரைப்படத் தட்டுகளை அனுப்ப இயலவில்லை. பின்னர் அமேசனின் வாடகைக் கணினிகளுக்கு மாறிய அந்நிறுவனம், இயங்கும் கணினிகளுள் ஏதேனும் ஒன்றை வேலை நேரத்திலேயே நிறுத்திவிடும் மென்பொருளொன்றை ஆக்கி, ‘குழப்பக் குரங்கு’ எனப் பெயரிட்டது. 2012இல் அதனை யாவர்க்கும் வெளியிட்டது. குழப்பப் பொறியியல் என்னும் துறை இவ்வாறு வளர்ந்தது.

இன்று மென்பொருள்கள் பல, ‘கொள்கலன்’ எனப்படும் சிறு பொதிகளில் இயங்குகின்றன. ஒன்று விழின் வேறொன்றை எழுப்புவது குபெர்னெட்டிஸ் போன்ற மேற்பார்வை அமைப்பின் பணி. அவ்வமைப்பைப் பேணும் பொறுப்பையும் அமேசன், கூகிள் முதலியோர் கட்டணம் பெற்று ஏற்கின்றனர். ஆயின், எல்லாம் அவர் பொறுப்பென்று நாம் வாளாவிருக்கலாமோ? விழுந்த கொள்கலனிடம் வந்திருந்த வேண்டுகோள்களின் கதி யாது? தரவுத்தளம் தாமதிப்பின் எத்துணை நேரம் காத்திருப்பது? பிரதிகள் யாவும் ஒரே நிலையத்திற் கிடக்கின்றனவா? இவை நம் பொறுப்பே. வழங்குநரின் மேற்பார்வைப் பகுதியை நாம் தொட இயலாது. ஆதலின் நம் பங்கையே நாம் சோதித்தல் வேண்டும்.

சோதனைக்கு முறையுண்டு. முதலில் வழமையான இயக்கத்தை அளத்தல் வேண்டும். அடுத்து, ‘மூன்று பிரதிகளுள் ஒன்று விழினும் பயனாளர் உணரார்’ என்பது போன்ற எதிர்பார்ப்பை எழுதிவைத்தல் வேண்டும். பின்னர் ஒன்றை மட்டும் நிறுத்தியோ, வலையமைப்பிற் சிறு தாமதத்தைப் புகுத்தியோ நோக்கலாம். பிழைகள் குறித்த அளவை மீறின் சோதனை தானே நிற்குமாறு முன்னரே வகுத்தல் இன்றியமையாதது. 2021 முதல் அமேசன் வழங்கும் பழுதூட்டற் சேவையில் இந்நிறுத்த விதிக்கு இடமுண்டு. எதிர்பார்ப்புப் பொய்ப்பின் அது தோல்வியன்று. நள்ளிரவில் வரவிருந்த இடரைப் பகலிலே கண்டுகொண்டதாம்.

புதுக்கடை நீதிமன்றங்களில் குறுக்கு விசாரணைக்கு நின்றுபிடிக்கும் சாட்சியமே வலிமையுடையது. வங்கியும் மருத்துவமனையும் கணினியை நம்பியிருக்கும் இந்நாளில், அவற்றை ஆக்கப்போகும் நம் மாணவர் தம் ஆக்கங்களைத் தாமே குறுக்கு விசாரணை செய்யக் கற்பாராக.